சாக்ரமெண்டோ குளிர்காலச் சினூக் சால்மன்

சாக்ரமெண்டோ குளிர்காலச் சினூக் சால்மன் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாயும் சாக்ரமெண்டோ ஆற்றையும் அதன் மேற்பகுதிக் கிளையாறுகளையும் மட்டுமே பிறப்பிடமாகக் கொண்ட ஒரு சால்மன் மீன்கூட்டம் ஆகும். பசிபிக் சால்மன்களுள் உருவில் மிகப்பெரியதான சினூக் இனத்தைச் சேர்ந்த இம்மீன்கள் குளிர்காலத்தில் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்புகின்றன. ஆனால் கோடையில்தான் முட்டையிடுகின்றன. சால்மன் முட்டைகள் பிழைக்கக் குளிர்ந்த நீர் தேவை. இக்கூட்டத்தின் முட்டைகளோ ஆண்டின் மிக வெப்பமான மாதங்களில் ஆற்றுப்படுகையில் கிடக்கின்றன. எனவே ஆற்றுநீரின் வெப்பநிலை இரண்டு மூன்று பாகை உயர்ந்தாலே ஓர் ஆண்டில் பிறக்கவேண்டிய குஞ்சுகள் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிடக்கூடும். 2014, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்க நடுவண் அரசு 1994ஆம் ஆண்டில் இக்கூட்டத்தை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. நீர் வெப்பமடைதல் சால்மன்களின் வாழ்க்கைச் சுழற்சியை எவ்வாறு குலைக்கிறது என்பதற்கு மிக விரிவாக ஆராயப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளுள் இது ஒன்றாகும்.

இந்தியச் சந்தைகளில் "இந்திய சால்மன்" என்ற பெயரில் விற்கப்படும் காலா மீன் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கும் இக்கட்டுரையில் கூறப்படும் மீனுக்கும் தொடர்பில்லை.

பெயரும் வாழ்க்கைச் சுழற்சியும்

சாக்ரமெண்டோ ஆற்றுக்கு நான்கு சினூக் கூட்டங்கள் வருகின்றன. அவை இலையுதிர்காலக் கூட்டம், பின் இலையுதிர்காலக் கூட்டம், குளிர்காலக் கூட்டம், இளவேனிற் கூட்டம் என அழைக்கப்படுகின்றன. இப்பெயர்கள் முட்டையிடும் பருவத்தைக் குறிப்பன அல்ல. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் பருவத்தையே குறிக்கின்றன. இதனை அறியாதவர்களுக்கு "குளிர்கால" மீன் கோடையில் முட்டையிடுவது குழப்பமாகத் தோன்றலாம். நான்கும் ஒரே இனமே ஆயினும், முட்டையிடும் காலம் வேறுபடுவதால் இவை தமக்குள் பெரிதும் கலப்பதில்லை. குளிர்காலக் கூட்டம் மரபணு அடிப்படையிலும் மற்றவற்றிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கிறது.

வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான காலத்தில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வழியாக ஆற்றுக்குள் நுழைகின்றன. அங்கிருந்து வடக்கே ரெடிங் நகரப் பகுதி வரை ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்து நீந்துகின்றன. நன்னீரில் நுழைந்தபின் இவை இரை உண்பதில்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை மட்டும் கொண்டு, ஆழமான மடுக்களில் மாதக்கணக்கில் காத்திருந்து, முட்டைகளும் விந்தும் முதிர்ந்த பின்னர் இனப்பெருக்கம் செய்கின்றன. முட்டையிடுதல் ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீடிக்கிறது. மே, ஜூன், ஜூலை மாதங்களில் மிகுதியாக நடைபெறுகிறது. பெண்மீன் தன் வாலால் ஆற்றுப்படுகையின் சரளைக்கற்களைத் தள்ளிக் குழி பறித்து, அதில் சில ஆயிரம் முட்டைகளை இட்டு, மீண்டும் சரளையால் மூடுகிறது. எல்லாப் பசிபிக் சினூக்குகளையும் போல, இதன்பின் ஆணும் பெண்ணும் இறந்துவிடுகின்றன. அவற்றுக்கு மறுவாய்ப்பு இல்லை.

முட்டை பொரிந்த பின்னும் குஞ்சுகள் உடனே வெளிவருவதில்லை. வயிற்றில் ஒட்டியுள்ள மஞ்சட்கரு தீரும்வரை சரளைக்குள்ளேயே இருக்கின்றன. வெளிவந்த இளமீன்கள் கோடை இறுதியிலிருந்து ஆற்றின் போக்கில் மெல்லக் கீழிறங்கி, கழிமுகத்தைக் கடந்து, குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் கடலை அடைகின்றன. பெரும்பாலானவை தம் மூன்றாம் வயதில் ஆற்றுக்குத் திரும்புகின்றன. இந்த மூன்றாண்டுச் சுழற்சி முக்கியமானது. ஏனெனில் ஓர் ஆண்டுக் குஞ்சுகள் அழிந்தால் அதன் விளைவு மூன்றாண்டுகளுக்குப் பின்னரே எண்ணிக்கையில் தெரியும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அழிந்தால் கூட்டமே ஏறத்தாழ முடிந்துவிடும்.

கோடையில் முட்டையிடும் காரணம்

கோடையில் ரெடிங் நகரின் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கமானது. (இக்கட்டுரையில் பாகை எனக் குறிப்பிடப்படுவது யாவும் செல்சியஸ் அளவு ஆகும்.) இத்தகைய இடத்தில் கோடையில் முட்டையிடும் பழக்கம் எப்படித் தோன்றியது என்ற கேள்வி எழுவது இயல்பே. இம்மீன்கள் முற்காலத்தில் முட்டையிட்ட இடம் ரெடிங் சமவெளி அன்று என்பதே இதற்கு விடை.

ரெடிங்குக்கு வடக்கே ஷாஸ்டா எரிமலையும் கிழக்கே லாசன் எரிமலையும் உள்ளன. அவற்றின் மீது விழும் மழையும் உருகும் பனியும் துளைகள் மிகுந்த எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, நெடுங்காலம் நிலத்தடியில் ஓடி, ஊற்றுகளாக வெளிப்படுகின்றன. இவ்வூற்று நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும், வற்றுவதும் இல்லை. மெக்கிளவுட் ஆறு, பிட் ஆறு, சாக்ரமெண்டோவின் மேற்பகுதி, தெற்கே பேட்டில் கிரீக் ஓடை ஆகியவை இந்த ஊற்றுகளால் வளம் பெற்றவை. குளிர்காலக் கூட்டம் இந்த ஆறுகளிலேயே முட்டையிட்டு வந்தது. பிற கூட்டங்கள் பயன்படுத்தாத பருவத்தில் இடமும் நீரும் இதற்குக் கிடைத்தன. கோடையில் முட்டையிட்டால், குஞ்சுகள் குளிர்கால வெள்ளம் வருவதற்கு முன்பே ஓரளவு வளர்ந்து, அவ்வெள்ளத்தோடு கடலை நோக்கிச் செல்லவும் முடிந்தது. ஆகவே இப்பழக்கம் பிழையானது அன்று. அந்த ஊற்றுகளுக்கு மிகவும் பொருத்தமானதாகவே இருந்தது.

ஷாஸ்டா அணை

1938 முதல் 1945 வரை சாக்ரமெண்டோ ஆற்றின் குறுக்கே ஷாஸ்டா அணை கட்டப்பட்டது. 183 மீட்டர் உயரமுள்ள இவ்வணையில் மீன்கள் ஏறிச் செல்வதற்கு வழி ஏதும் அமைக்கப்படவில்லை. மெக்கிளவுட், பிட், மேல் சாக்ரமெண்டோ ஆகிய மூன்று ஆறுகளும் அணைக்குப் பின்னால் அகப்பட்டன. அணைக்குக் கீழே கட்டப்பட்ட கெசுவிக் என்ற சிறிய அணை இம்மீன்களின் பயணத்திற்கு இன்றைய எல்லையாக உள்ளது. பேட்டில் கிரீக்கிலும் நீர்மின் நிலையங்களுக்காக அமைக்கப்பட்ட தடுப்புகளால் இக்கூட்டம் மறைந்துபோனது.

அணை கட்டப்பட்டபோதே குளிர்காலக் கூட்டம் அழிந்திருக்க வேண்டும். அழியாததற்குக் காரணமும் அதே அணைதான். ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடையில் நீர் அடுக்குகளாகப் பிரிகிறது. வெயிலால் சூடான, அடர்த்தி குறைந்த நீர் மேலே நிற்கிறது. குளிர்காலத்தில் வந்து சேர்ந்த குளிர்ந்த நீர் அடியில் தங்குகிறது. அணையின் கீழ்மட்டத்திலிருந்து நீர் திறக்கப்பட்டதால், முன்பு கோடையில் சூடாக ஓடிய ரெடிங் பகுதி ஆறு குளிர்ந்தது. மலையேற முடியாமல் நின்ற மீன்கள் அங்கேயே முட்டையிடத் தொடங்கின. இன்று இக்கூட்டத்தின் இயற்கையான இனப்பெருக்கம் பெரும்பாலும் கெசுவிக் அணைக்குக் கீழுள்ள ஒரு குறுகிய ஆற்றுப் பகுதியிலேயே நடைபெறுகிறது. மூன்று ஆறுகளில் பரவியிருந்த மீன்கூட்டம் ஓர் ஆற்றின் ஒரு பகுதிக்குள், மனிதர் திறந்துவிடும் நீரை நம்பி வாழ்கிறது எனலாம்.

வெப்பநிலையும் முட்டையும்

மீன்கள் தம் உடல் வெப்பநிலையைத் தாமே நிலைநிறுத்த இயலாத உயிரினங்கள். நீர் சூடானால் உடலும் சூடாகும். உடல் சூடானால் வளர்சிதை மாற்றம் விரைவடைந்து ஆக்சிஜன் தேவை கூடும். ஆனால் நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 10 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கலாம். 20 பாகையில் அது ஏறத்தாழ 9.1 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தேவை கூடும் அதே நேரத்தில் வரத்துக் குறைகிறது.

நீந்தும் மீன் குளிர்ந்த இடம் தேடிச் செல்லலாம். செவுள் வழியே விரைவாக நீரைச் செலுத்தலாம். முட்டைக்கு இவ்விரண்டும் இல்லை. சரளைக்கு அடியில் அசையாமல் கிடக்கும் அது, தன் மேற்சவ்வின் வழியாக ஊடுருவி வரும் ஆக்சிஜனை மட்டுமே நம்பியுள்ளது. முட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே இருக்கும். கற்களின் இடைவெளியில் புதிய நீர் ஓடி வந்து அதனை ஈடுசெய்ய வேண்டும். சினூக்கின் முட்டை சால்மன் இனங்களுள் பெரியது. பருமனை நோக்க அதன் மேற்பரப்புக் குறைவு என்பதால் இந்நெருக்கடி இதற்குக் கூடுதலாகும்.

நெடுங்காலமாக, முட்டைகளுக்குத் தீங்கற்ற உச்ச வெப்பநிலை 13.3 பாகை (56 பாரன்ஹீட்) எனக் கொள்ளப்பட்டது. 1990ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநில நீர்வள வாரியம் பிறப்பித்த ஆணையும் இவ்வளவையே ஏற்றது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் சினூக் முட்டைகள் 15 பாகையைக்கூடத் தாங்கின. ஆயினும் ஆற்றில் முட்டைகள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இறந்தன. இம்முரண்பாட்டுக்கு 2017ஆம் ஆண்டில் எக்காலஜி லெட்டர்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு விளக்கம் அளித்தது. ஆய்வுக்கூடத்தில் முட்டைகளின் மீது நீர் விரைவாக ஓடுகிறது. ஆற்றுச் சரளைக்குள் அது மிக மெதுவாகவே ஊர்கிறது. எனவே ஒரே வெப்பநிலையிலும் ஆற்று முட்டைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அவ்வாய்வின்படி ஆற்றில் இறப்புத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை ஆகும். இது ஆய்வுக்கூட அளவைவிட 3 பாகைக்கு மேல் குறைவு. இந்த 3 பாகையைச் சிறிதென எண்ணலாகாது. எவ்வளவு குளிர்ந்த நீரை எத்தனை வாரங்களுக்குச் சேமிக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் இதனால் மாறுகிறது.

வெப்பம் முட்டைகளைக் கொல்லாதபோதும் காலக்கணக்கை மாற்றுகிறது. நாள்தோறும் உள்ள சராசரி நீர் வெப்பநிலையைத் தொடர்ந்து கூட்டிவந்தால் கிடைப்பது பாகை-நாள் எனப்படும். சினூக் முட்டை பொரிய ஏறத்தாழ 500 பாகை-நாட்களும், குஞ்சு சரளையை விட்டு வெளிவர ஏறத்தாழ 1,000 பாகை-நாட்களும் தேவைப்படுகின்றன. நீர் 10 பாகையில் இருந்தால் வெளிவர 100 நாட்கள் ஆகும், 12.5 பாகையில் 80 நாட்களே போதும். இது நன்மை போலத் தோன்றினாலும், சூட்டில் மஞ்சட்கருவின் பெரும்பகுதி உயிரைத் தக்கவைப்பதிலேயே செலவாகிவிடுவதால் குஞ்சு சிறியதாக வெளிவருகிறது. சிறிய குஞ்சை உண்ணக்கூடிய மீன்கள் ஆற்றில் மிகுதி.

குளிர்நீர்ச் சேமிப்பு

ஷாஸ்டா நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 5.6 கன கிலோமீட்டர் ஆகும். இதில் அடியில் தங்கும் குளிர்நீர் மட்டுமே முட்டைகளுக்குப் பயன்படும். இது ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் நிரம்பும்; மே முதல் அக்டோபர் வரை செலவாகும்; இடையில் நிரப்ப வழியில்லை. எனவே இது மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவதைப் போன்றதே. தொடக்கத்தில் மிகுதியாகச் செலவிட்டால் கடைசி வாரங்களுக்கு எஞ்சாது. சால்மன் முட்டைகளுக்கு மிகுதியான ஆக்சிஜன் தேவைப்படுவது, பொரிவதற்குச் சற்று முன்னர் கரு முதிர்ந்து நிற்கும் நாட்களில். ஜூனில் இடப்பட்ட முட்டைகளுக்கு அந்நாட்கள் சரியாகக் கடுங்கோடையில் வருகின்றன.

தொடக்கத்தில் அணையின் மின்நிலையத்துக்குச் செல்லும் நீர் ஒரே மட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. நீர்மட்டம் குறைந்த ஆண்டுகளில் அம்மட்டத்தில் சூடான நீரே இருந்தது. இதனால் 1980களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் மின்னுற்பத்தியைக் கைவிட்டு, சுழலிகளுக்குச் செல்லாமல் கீழ்மட்ட மதகுகள் வழியாகக் குளிர்நீர் திறக்கப்பட்டது. 1997ல் அணையின் உட்புற முகத்தில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று பொருத்தப்பட்டது. இது வெவ்வேறு மட்டங்களில் கதவுகளைக் கொண்ட மாபெரும் எஃகுக் கூடு ஆகும். இளவேனிலில் மேல்மட்டக் கதவுகளைத் திறந்து வெதுவெதுப்பான நீரைச் செலவிடவும், கோடையில் படிப்படியாகக் கீழ்மட்டக் கதவுகளுக்கு மாறவும் இது உதவுகிறது. மின்னுற்பத்தியும் தடைபடுவதில்லை.

எனினும் எந்தக் கதவும் இல்லாத குளிர்நீரை உண்டாக்காது. அதே நீர்த்தேக்கத்திலிருந்துதான் நடுப் பள்ளத்தாக்கின் நெல் வயல்களுக்கும் பாதாம் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் நீர் செல்கிறது. கழிமுகத்தில் கடல்நீர் உட்புகாமல் தடுக்கவும் நீர் விடப்படுகிறது. அணைக்கு முந்தைய காலத்து நீருரிமை உடைய பாசனதாரர்களுக்கு வறட்சி ஆண்டுகளிலும் முன்னுரிமை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பாசனத்துக்கு மிகுதியாக நீர் திறந்தால் செப்டம்பரில் முட்டைகளுக்கான குளிர்நீர் குறைகிறது. குளிர்காலக் கூட்டம் குறித்த வழக்குகளிலும் பூசல்களிலும் பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுவே.

வறட்சி ஆண்டுகள்

2012ல் தொடங்கிய கலிபோர்னிய வறட்சியில் 2014ஆம் ஆண்டு கடுமையானது. நீர்த்தேக்கத்தின் குளிர்நீர் கோடை முடிவதற்குள் தீர்ந்துபோனது. இயல்பான ஆண்டுகளில் இடப்படும் முட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குஞ்சாகி ரெட் பிளஃப் என்ற இடத்தைக் கடக்கும். 2014ல் அது ஏறத்தாழ 5 விழுக்காடாகச் சரிந்தது.

2015ல் முன்னெச்சரிக்கையாகத் திட்டமிடப்பட்டது. ஆனால் நீர்த்தேக்கத்தின் ஆழத்தில் வெப்பநிலையை அளந்த கருவி சரியாகக் காட்டவில்லை என்பதும், நீர் எண்ணியதைவிடச் சூடாக உள்ளது என்பதும் இளவேனில் இறுதியில் தெரியவந்தன. திட்டம் பாதியில் திருத்தப்பட்டு, நீர்த் திறப்புக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டும் பிழைத்தவை 5 விழுக்காட்டை எட்டவில்லை. எவ்வளவு நுட்பமான கணிப்பு மாதிரியும் அதற்குள் இடப்படும் எண்களைவிடச் சரியாக இருக்க முடியாது.

2021ஆம் ஆண்டு வேறு வகையில் துயரமானது. அவ்வாண்டு ஏறத்தாழ 10,000 மீன்கள் முட்டையிடத் திரும்பியிருந்தன. இது பல ஆண்டுகளில் காணாத நல்ல எண்ணிக்கை. ஆனால் வறட்சியால் செப்டம்பர் இறுதியில் நீர்த்தேக்கத்தில் கொள்ளளவின் நான்கில் ஒரு பங்கு நீரே எஞ்சியிருந்தது. பிழைத்த முட்டைகள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. திரும்பி வந்த மீன்கள் மிகுதியாக இருந்தும் அடுத்த தலைமுறைக்கு அதனால் பயன் ஏற்படவில்லை.

இளமீன்களும் கடலும்

முட்டை நிலையைத் தாண்டிய இளமீன்களுக்கு வெப்பம் வேறு வழிகளில் தீங்கு செய்கிறது. நீர் 20 பாகையை நெருங்கும்போது அவற்றின் வளர்ச்சி தடைபடுகிறது. உவர்நீரில் வாழ்வதற்கான உடல் மாற்றமும் குலைகிறது. 25 பாகையளவில் இறப்பு நேரிடும். செரட்டோனோவா ஷாஸ்டா என்ற ஒட்டுண்ணி வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் கொல்கிறது. 1879ல் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வரிப் பாஸ் மீன் போன்ற கொன்றுண்ணிகள் சூடான நீரில் கூடுதலாக இரை தின்கின்றன.

கடலும் வெப்பமடைதலுக்கு விலக்கன்று. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நிலவிய பெரும் கடல் வெப்ப அலையின்போது, கொழுப்புச்சத்து மிகுந்த குளிர்நீர் மிதவையுயிரிகள் குறைந்து, சத்துக் குறைந்த வகைகள் பெருகின. பின்னர் கலிபோர்னியக் கடலில் நெத்திலி மீன்கள் மிகப் பெருகின. சால்மன்கள் ஏறத்தாழ நெத்திலியையே உண்டு வளர்ந்தன. நெத்திலியில் தயமின் என்ற உயிர்ச்சத்து பி1ஐச் சிதைக்கும் நொதி உள்ளது. 2020ன் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பொரிப்பகங்களில் சால்மன் குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்தி இறப்பது கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து முட்டைக்குப் போதிய தயமின் செல்லாததே காரணம். பொரிப்பகத்தில் தாய்மீன்களுக்கு ஊசி மூலமும் முட்டைகளுக்குக் கரைசல் மூலமும் தயமின் அளிக்கப்படுகிறது. ஆற்றில் இடப்படும் முட்டைகளுக்கு அத்தகைய மருத்துவம் இயலாது.

திரும்பும் மீன்கள்: பிற ஆறுகளோடு ஒப்பீடு

குளிர்காலத்தில் ஆறேறுவதால் இக்கூட்டத்தின் வளர்ந்த மீன்கள் பயணத்தின்போது வெப்பத்தால் பெரிதும் துன்புறுவதில்லை. கோடையில் ஆறேறும் பிற சால்மன்களின் நிலை வேறு. அவற்றுக்கு ஆபத்து முட்டையில் அன்று, வழியிலேயே உள்ளது. 2015 கோடையில் கொலம்பியா ஆறு 20 பாகையைத் தாண்டிச் சூடானபோது, திரும்பி வந்த சொக்கை சால்மன்களில் ஏறத்தாழ 2,50,000 மீன்கள் முட்டையிடுமுன்னரே இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 2002 செப்டம்பரில் கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றில் நீர் குறைந்து சூடானதால் செவுள் நோய்கள் பரவி, 30,000க்கும் மேற்பட்ட சால்மன்கள் மடிந்தன. 2019ல் அலாஸ்காவிலும், வயிற்றில் முட்டைகளோடு இறந்த சால்மன்கள் ஆற்றங்கரைகளில் ஒதுங்கின.

கனடாவின் பிரேசர் ஆற்றில் உள்ள சொக்கைக் கூட்டங்களை ஆராய்ந்து 2011ல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, ஒவ்வொரு கூட்டத்தின் இதயத் திறனும் அது வழக்கமாகச் சந்திக்கும் வெப்பநிலைக்கும் பயணத்தின் கடுமைக்கும் ஏற்ப அமைந்துள்ளதைக் காட்டியது. எனவே "சால்மன் இத்தனை பாகையைத் தாங்கும்" என ஒரே எண்ணைச் சொல்வது சரியாகாது. வெப்பமடைதல் எங்கும் இழப்பையே தருகிறது என்பதும் சரியன்று. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் ஏரிகள் சற்றுச் சூடானதால் இளமீன்கள் விரைந்து வளர்ந்தன. 2022ல் அங்கு வரலாறு காணாத அளவாக ஏறத்தாழ 7.9 கோடிச் சொக்கைகள் திரும்பின. அவ்வேரிகள் முன்பு மிகவும் குளிர்ந்திருந்தன. சாக்ரமெண்டோவோ சினூக்குகளின் பரவல் எல்லையில் தென்கோடியில் உள்ளது.

எண்ணிக்கை

1969ல் ஏறத்தாழ 1,17,000 குளிர்காலச் சினூக்குகள் ஆற்றுக்குத் திரும்பின. அதன்பின் வீழ்ச்சி விரைவானது. 1960களில் கட்டப்பட்ட ரெட் பிளஃப் திசைதிருப்பு அணை மீன்களின் வழியை மறித்ததும், 1976-77 வறட்சியும் இதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. 1990களின் தொடக்கத்தில் இருமுறை எண்ணிக்கை 200க்கும் கீழே சென்றது. ரெட் பிளஃப் மதகுகளை ஆண்டின் பெரும்பகுதி திறந்துவைத்தல், வெப்பநிலைக் கட்டுப்பாட்டு அமைப்பு, கடல் மீன்பிடிப்பில் கட்டுப்பாடு ஆகியவற்றால் 2006ல் ஏறத்தாழ 17,000 வரை உயர்ந்தது. பின்னர் மீண்டும் சரிந்தது. 2014ல் பிழைத்த சிறு கூட்டம் 2017ல் திரும்பியபோது எண்ணிக்கை ஏறத்தாழ 1,000 மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை பொரிப்பகத்தில் பிறந்தவை.

மீட்பு முயற்சிகள்

ஷாஸ்டா அணையின் அடிவாரத்தில் 1990களின் இறுதியில் லிவிங்ஸ்டன் ஸ்டோன் தேசிய மீன் பொரிப்பகம் இக்கூட்டத்துக்காகவே அமைக்கப்பட்டது. 2014ல் ஆற்று முட்டைகள் அழியும் எனக் கணிக்கப்பட்டதால் இங்கு குஞ்சு உற்பத்தி ஏறத்தாழ மும்மடங்காக்கப்பட்டது. இக்கூட்டம் அப்போது அழியாமல் தப்பியதில் இதன் பங்கு பெரிது. ஆயினும் சில நூறு பெற்றோர்களிடமிருந்து பெருமளவு குஞ்சுகளை உண்டாக்குவது மரபணு வேறுபாட்டைக் குறைக்கும் என்பதால் இதனை நிலையான தீர்வாக யாரும் கருதுவதில்லை. பேட்டில் கிரீக்கில் 2018 முதல் இளமீன்கள் விடப்பட்டு, அங்கு இரண்டாவது கூட்டம் ஒன்றை உருவாக்க முயற்சி நடைபெறுகிறது.

ஷாஸ்டா அணையை 5.6 மீட்டர் உயர்த்தினால் குளிர்நீர்ச் சேமிப்புக் கூடும் என்ற திட்டமும் நெடுநாளாகப் பேசப்படுகிறது. மெக்கிளவுட் ஆற்றங்கரையின் தொல்குடியினரான வின்னமெம் விந்து மக்கள் இதனைக் கடுமையாக எதிர்க்கின்றனர். முதல் அணையால் தம் ஊர்களை இழந்த இவர்களின் எஞ்சிய வழிபாட்டிடங்களும் இதனால் நீரில் மூழ்கும். சால்மன் இவர்களின் உணவும் வழிபாட்டுக்குரியதும் ஆகும்.

மீன்களை மீண்டும் குளிர்ந்த ஊற்றாறுகளுக்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பது இம்மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. இதற்கு விந்தையான ஒரு முன்கதை உண்டு. மெக்கிளவுட் ஆற்றங்கரையில் 1872ல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் பெயர்ட் பொரிப்பகத்தை நிறுவினார். கலிபோர்னிய சினூக் முட்டைகள் நியூசிலாந்து உட்படப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. நியூசிலாந்தில் அவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றின. அம்மீன்கள் தம் ஆற்றின் சால்மன்களின் வழித்தோன்றல்கள் என வின்னமெம் விந்து மக்கள் நம்புகின்றனர். 2010ல் அவர்கள் அங்குள்ள ரக்காயா ஆற்றுக்குச் சென்று சடங்கு நடத்தினர்.

2022 கோடையில், வறட்சியின் மூன்றாம் ஆண்டில், நடுவண் அரசின் மீன்வள அமைப்புகளும் கலிபோர்னிய மாநில மீன், வனவிலங்குத் துறையும் இம்மக்களும் இணைந்து ஏறத்தாழ 40,000 குளிர்காலச் சினூக் முட்டைகளை மெக்கிளவுட் ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்று, ஆற்றுநீரிலேயே பொரிக்கவைத்தனர். ஷாஸ்டா அணைக்குப் பின் இம்மீன்கள் அவ்வாற்றில் நீந்தியது அதுவே முதன்முறை. 2023 மே மாதத்தில் மூன்று தரப்பினரும் இம்முயற்சியைக் கூட்டாக நடத்த ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஆயினும் இளமீன்கள் தாமாகவே கடலுக்குச் செல்ல வழியில்லை. ஆற்றில் சுழல்பொறிகளை வைத்து அவற்றைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, அணைக்குக் கீழே விடவேண்டியுள்ளது. அவ்வாறு விடப்பட்டவை வளர்ந்து திரும்பி வரும்போது கெசுவிக் அணை வரையே நீந்திவர முடியும். அதற்கு மேல் அவற்றைக் கொண்டுசெல்லும் நிலையான மீன்வழி எதுவும் இன்னும் கட்டப்படவில்லை.